மந்தம் வந்தால் அடி யாருக்கு முதலில்? திருப்பூர் 2008-09ஐ முன்வைத்து ஒரு விவாதம்

நொய்யல்கரை:
பொருளாதார மந்தம் என்று பேச்செடுத்தாலே "கம்பெனிக்கு வேறு வழியில்லை, ஆளைக் குறைத்துத்தான் ஆகவேண்டும்" என்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவாலானது. அதற்குப் பின் வந்த மாதங்களில் அமெரிக்க, ஐரோப்பியக் கடைக்காரர்கள் பனியன் ஏற்றுமதி ஊரான திருப்பூருக்குக் கொடுத்த ஆர்டர்களைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் ரத்து செய்தார்கள், மற்றவர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த நஷ்டத்தை ஏற்றுமதியாளர் தனக்குக் கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் மேல் தள்ளினார், யூனிட்காரர் கான்ட்ராக்டர் மேல் தள்ளினார், கான்ட்ராக்டர் தைக்கிற துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டைலர் மேல் தள்ளினார். டைலருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை. அவரை யாரும் வேலையைவிட்டு நீக்கவும் இல்லை. "இந்த வாரம் பீஸ் இல்லை, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள், அவ்வளவுதான். நோட்டீஸ் இல்லை, நஷ்டஈடு இல்லை, வேலை இழந்தவர் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

பேரேடு:
நொய்யல்கரை அண்ணா, நான் அப்போது சின்ன தையல் யூனிட் நடத்தியவன், இப்போதும் நடத்துகிறேன். தள்ளிவிட்டோம் என்று நீங்கள் சொல்வது வலிக்கிறது. அந்த வருடம் மந்தம் மட்டுமா வந்தது? தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றித்தான் மெஷினை ஓட்டினோம். கட்டட வாடகை நிற்காது, மெஷின் வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. துணி வெட்டியாகிவிட்டது, பாதி தைத்தாகிவிட்டது, அப்போது ஆர்டர் இல்லை என்கிறார்கள். முடித்த சரக்குக்கும் பணம் வரத் தாமதம். வேலையே இல்லாமல் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் இரண்டே மாதத்தில் ஷட்டரை இறக்கியிருப்பேன். பாதிப்பேரை நிறுத்தியதால்தான் மீதிப்பேருக்காவது வேலை இருந்தது.

தெற்குச்சீமை:
தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா மோட்டாரில் ஓடும் பவர்டேபிள் மெஷினில் தைக்கும் டைலர், அம்மா தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. வேலை குறைந்தது என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். மளிகைக்கடைப் பாக்கி, சீட்டு, லைன் வீட்டு வாடகை எல்லாம் அந்த வாரச் சம்பளத்தை நம்பித்தான் ஓடும். வழக்கமான காலத்திலேயே ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் கையில் ஏதாவது நிற்கும். மந்தத்தில் முதலில் போனது அந்த அரை ஷிப்ட். பிறகு வாரத்தில் மூன்று நாள் வேலை ஆனது. வேலை இருப்பதாகத்தான் பேர். அதனால் ஊருக்கும் போக முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. முதலில் கம்மல் அடகுக்குப் போனது, அப்புறம் சீட்டு நின்றது, பிறகு அக்காவின் படிப்பு நின்றது. அவள் திரும்பப் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேமன் விழுந்த அதே செப்டம்பர் 15 அன்றுதான் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. நல்ல திட்டம். எத்தனையோ வீட்டில் அடுப்பெரிய வைத்தது. ஆனால் எங்கள் கார்டு ஊரில் இருந்தது. திருப்பூரில் நாங்கள் கடை விலைக்குத்தான் அரிசி வாங்கினோம். வேலை ஒரு ஊரில், கார்டு ஒரு ஊரில் என்று இருந்த எல்லோருக்கும் இதே நிலைதான்.

சந்தைவாசி:
தெற்குச்சீமை சொன்னதைப் படிக்க மனசு கனக்கிறது. ஆனாலும் என் கருத்து வேறு. மந்தத்தில் தாங்காத யூனிட்கள் மூடும், தாங்குபவை நிற்கும், அப்புறம் அவையே கூடுதல் ஆளை எடுக்கும். 2010இல் திருப்பூரில் என்ன நடந்தது? "ஆட்கள் தேவை" என்று கம்பெனிக்குக் கம்பெனி போர்டு வைத்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. வேலை திரும்பி வந்ததா இல்லையா?

நொய்யல்கரை:
வேலை திரும்பி வந்தது, ஆள் ஏன் வரவில்லை என்று யோசியுங்கள். "பீஸ் இல்லை" என்று ஒருமுறை அனுப்பப்பட்ட குடும்பம் இன்னொரு முறை மூட்டை கட்டத் தயங்கும். 2008 ஏப்ரலிலிருந்து நூறு நாள் வேலைத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. கூலி குறைவுதான். ஆனால் வாடகை இல்லை, ரேஷன் கார்டும் கையில் இருக்கிறது. ஊரிலேயே இருந்துவிட்டார்கள். தையல் ஒருநாளில் வருகிற தொழில் இல்லை. கைமடியாக, அதாவது டைலருக்கு உதவியாளாகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, கை பழக வருடக்கணக்கில் ஆகும். அப்படித் தேர்ந்த ஆட்களைச் சில மாத நஷ்டத்துக்காக இழந்துவிட்டு, பிறகு ஆள் பஞ்சம் என்று புலம்பியது இந்த ஊர்தான்.

ஷிப்மென்ட்:
நான் ஏற்றுமதி அலுவலகத்தில் டாக்குமெண்ட் பார்த்தவன். யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றது, வருடம் முடிவதற்குள் 50ஐத் தொட்டது. டாலரில் சம்பாதிக்கிறவருக்கு இது லாபமாக இருந்திருக்க வேண்டும். பலருக்கு ஏன் இல்லை? டாலர் இன்னும் இறங்கும் என்று பயந்து வரப்போகும் டாலரைப் பழைய விலைக்கே முன்கூட்டி விற்று வைத்திருந்தார்கள். அதைவிட மோசம், யென், சுவிஸ் பிராங்க் மதிப்பு ஏறுமா இறங்குமா என்பதை வைத்துப் பந்தயம் போல வங்கிகள் விற்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள். புரியாமலே கையெழுத்துப் போட்டுப் பெரிய தொகையை இழந்து, சிலர் வங்கிமேல் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. அந்த நஷ்டத்தையும் "மந்தம்" என்ற ஒரே பேரில் சேர்த்துத்தான் கூலியைக் குறைத்தார்கள். பனியன் விற்காததால் வந்த நஷ்டம் எவ்வளவு, வங்கி அறையில் வந்த நஷ்டம் எவ்வளவு என்று டைலருக்கு யார் கணக்குக் காட்டினார்கள்?

பேரேடு:
ஷிப்மென்ட் சொல்வது பெரிய ஏற்றுமதியாளர் கதை. என்னைப் போன்ற ஜாப் ஒர்க்காரன் டாலரைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களையும் அவர்களையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

ஸ்டுட்கார்ட் மணி:
நான் இருக்கும் ஜெர்மனியில் இதே மந்தத்தை வேறு விதமாகக் கையாண்டார்கள். 2009இல் இங்கே மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 5 சதவீதம் விழுந்தது. அது அமெரிக்காவைவிடப் பெரிய வீழ்ச்சி. ஆனால் அமெரிக்காவில் வேலையின்மை அந்த அக்டோபரில் 10 சதவீதம் ஆனது, ஜெர்மனியில் பெரிதாக ஏறவில்லை. காரணங்களில் ஒன்று "குர்ட்ஸ்ஆர்பைட்" என்ற ஏற்பாடு. கம்பெனி ஆளை நீக்காமல் வேலை நேரத்தைக் குறைக்கும், குறைந்த சம்பளத்தில் பெரும்பங்கை வேலையின்மைக் காப்பீட்டு நிதி ஈடுகட்டும். உச்சத்தில் 14 லட்சம் பேருக்கு மேல் இதில் இருந்தார்கள். தெற்குச்சீமை சொன்ன அதே மூன்று நாள் வேலைதான், ஆனால் வீட்டில் நகை அடகுக்குப் போகவில்லை.

சந்தைவாசி:
ஜெர்மனியில் ஒவ்வொரு தொழிலாளியும் பதிவில் இருக்கிறார், நிதியில் பணம் இருக்கிறது. நம் ஊரில் யார் பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

நொய்யல்கரை:
அதைத்தான் சொல்ல வந்தேன். நம்மிடமும் திட்டம் இருந்தது. 2005இலேயே ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் வேலையின்மை உதவித்தொகை கொண்டுவந்தார்கள். ஆலை மூடினாலோ ஆட்குறைப்பு நடந்தாலோ சம்பளத்தில் பாதியை ஆறு மாதம் வரை தருவதாக ஏற்பாடு. கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லை என்றால் அது எப்படிக் கிடைக்கும்? அப்போதைய தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு உண்டு. பேர் ஏட்டில் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்? ஏற்றுமதியாளர்களுக்கு 2008 டிசம்பரிலேயே வட்டியில் 2 சதவீதம் சலுகை கொடுத்தது மத்திய அரசு. "சலுகை வேண்டுமா, ஆளைப் பதிவில் வை, வேலை நாளைக் குறைத்தாலும் ஆளை அனுப்பாதே" என்று அதோடு ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம். 1984இல் விலைவாசிக்கு ஏற்பக் கூலியோடு தரும் பஞ்சப்படிக்காக அத்தனை நீண்ட வேலைநிறுத்தம் நடத்திக் கூலி ஒப்பந்தம் வாங்கிய ஊர் இது. இதையும் கேட்டு வாங்க முடியும். பேரேடு, நேராகவே கேட்கிறேன். உங்கள் யூனிட்டில் எல்லோர் பேரையும் ஏட்டில் எழுதத் தயாரா?

பேரேடு:
நேரான கேள்விக்கு நேரான பதில். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் சேர்ந்தால் சம்பளத்தின் மேல் எனக்குக் கூடுதல் செலவு. எனக்குக் கிடைப்பது பீஸுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதியாளர் நிர்ணயிக்கும் ரேட். அதில் இந்தச் செலவுக்கு இடமில்லை. கூலி ஒப்பந்தம் போடும்போது ஜாப் ஒர்க் ரேட்டிலும் அதைச் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், நாற்பது பேர் பேரையும் மறுநாளே எழுதுகிறேன். அதைச் செய்யாமல் என்னை மட்டும் எழுதச் சொன்னால், பக்கத்து யூனிட் எழுதாமல் குறைந்த ரேட்டுக்கு எடுத்துக்கொள்ளும். அப்போது அந்த நாற்பது பேருக்கும் என்னிடம் வேலை இருக்காது.

தெற்குச்சீமை:
அப்படியானால் அடுத்த கூலிப் பேச்சில் ஜாப் ஒர்க்காரர்களும் தொழிற்சங்கமும் மேசைக்கு ஒரே பக்கம் உட்காருங்கள். நீங்கள் இருவரும் தனித்தனியாகப் போய் நின்றதால்தான் 2008இல் எங்கள் வீட்டில் அப்படி ஆனது.