'எனஃப்', 'சஃபிஷியன்ட்', 'அடிக்வேட்': மூன்றும் ஒன்றுதானா?

கேள்வி (பாம்பன்):
விசைப்படகு உரிமையாளர்கள் சிலருக்கு ஆங்கிலக் கடிதங்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். 61 நாள் தடைக்காலம் முடிந்து, ஜூன் 15-க்குப் பிறகு கணவாய் மீன் நன்றாகவே பட்டது. வெளியூர் வியாபாரி ஒருவருக்கு அதைத் தெரிவிக்கும்போது, அகராதியில் 'போதுமான' என்றிருந்ததை நம்பி, மீன்பாடு 'அடிக்வேட்' என்று எழுதிவிட்டேன். அவரோ, "இந்த முறை சுமார்தானா?" என்று கேட்டிருக்கிறார். பிழை எங்கே நேர்ந்தது?

பதில் (தொண்டி):
அகராதி பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னது. 'அடிக்வேட்' என்பதன் லத்தீன் வேர் 'சமம்' என்னும் பொருளுடையது. தேவை எவ்வளவோ அவ்வளவுக்குச் சரியாக நின்றது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்ற தொனி அதில் இருப்பதால், பாராட்ட வேண்டிய இடத்தில் அதைச் சொன்னால் கேட்பவருக்குக் குறையாகவே படும். நீங்கள் எழுதியிருக்க வேண்டிய சொல் 'அபண்டன்ட்'. லத்தீனில் 'உண்டா' என்றால் அலை. அலை மேலெழுந்து வழிவதே அச்சொல்லின் மூலப்பொருள். பாம்பனில் இருந்துகொண்டு அதை விட்டுவிட்டீர்களே!

'சஃபிஷியன்ட்' என்பதும் லத்தீன் வழி வந்ததே. அலுவலகக் கடிதங்களுக்குப் பொருந்தும். 'எனஃப்' மட்டும் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், ஜெர்மன் மொழியின் 'கெனுக்' அதன் உடன்பிறப்பு. அதன் எழுத்துக்கூட்டலின் இறுதியில் நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒரு காலத்தில் தொண்டையில் உரசி ஒலித்தவை. பின்னாளில் அவ்வொலி 'ஃப்' ஆகிவிட்டது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இச்சொல் ('எனஃப் ஐஸ்'), பெயரடையோடு சேரும்போது பின்னால் போய்விடும் ('பிக் எனஃப்'). 'சஃபிஷியன்ட்' அப்படிப் பின்னால் போகாது.

பதில் (கீழக்கரை):
கணக்கு எழுதுபவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். சொத்துகளைக் குறிக்கும் 'அசெட்ஸ்' என்ற சொல்லும் 'போதும்' என்பதிலிருந்து பிறந்ததே. பிரெஞ்சில் இன்றும் 'அசே' என்றால் போதும் என்றுதான் பொருள். இறந்தவரின் கடனை அடைக்கப் போதுமான உடைமை என்று சட்ட வழக்கில் தொடங்கி, பிறகு எல்லா உடைமைக்கும் அது பெயராயிற்று. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் 'சேட்'. முதலில் நிறைவு, பிறகு தெவிட்டல், பிறகு மனத்தின் கனம், கடைசியில் துயரம் என்று அதன் பொருள் நகர்ந்தது. நாமும் அலுத்துப்போனால் 'போதும் போதும் என்றாகிவிட்டது' என்றுதானே சொல்கிறோம்!

கேள்வி கேட்டவர் (பாம்பன்):
நன்றி. ஐஸ் குறைந்தால் நாங்கள் 'காணாது' என்போம். அதற்கு 'இன்அடிக்வேட்' என்று எழுதலாமா?

பதில் (தொண்டி):
படகுக்காரர் வாய்ப்பேச்சென்றால் 'நாட் எனஃப் ஐஸ்' போதும். மீன் இறங்குதளத்தின் வசதிக் குறைவைப் பற்றி மனு எழுதும்போது 'இன்அடிக்வேட்' என்றே எழுதுங்கள். 'அடிக்வேட்' மங்கலான பாராட்டுதான் என்றாலும், அதன் எதிர்ச்சொல் அழுத்தமான புகார்.