வரத்துப் பாட்டில் வந்த தம்பிமார்

அரண்மனைச் சதி, செத்தும் விடாத பந்தம் என்று டிவி தொடர்களில் வருவதை நான் ஒன்பது வயதிலேயே கேட்டு நடுங்கியிருக்கிறேன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் அத்தை ஊரில் கொடை என்னும் கோயில் திருவிழா. ஆச்சி மடியில் தலைவைத்து வில்லுப்பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று பாடியது தம்பிமார் கதை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வேணாட்டு (பிறகு திருவிதாங்கூர்) அரசர் ராமவர்மாவின் மகன்கள் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி. அந்த வம்சத்தில் மருமக்கள் வழி. பட்டம் மகனுக்கு இல்லை, சகோதரி மகனுக்குத்தான். 1729-இல் மருமகன் மார்த்தாண்டவர்மா அரசரானார். அப்பா ஆண்ட நாடு எங்களுக்கு என்று தம்பிமார் நின்றார்கள். செல்வாக்குள்ள பிரபுக்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரும் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். கடைசியில் நாகர்கோவில் அரண்மனையில் தம்பிமார் கதை முடிந்தது. வில்லுப்பாட்டு இதற்குச் சொல்லும் காரணம் வேறு: அவர்களுடைய தங்கையைப் பெண் கேட்டுக் கிடைக்காத மார்த்தாண்டவர்மாவின் வன்மம். அண்ணன்மார் இறந்த சேதி கேட்டுத் தங்கையும் உயிரை விடுகிறாள்.

அந்த இடம் வந்ததும் புலவர் குரலை இறக்கிவிட்டார். குடம் நின்றது. உடுக்கை மட்டும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. பந்தலில் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள், தங்கள் வீட்டுச் சாவு போல. அப்புறம் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட்டு. வீசுகோல் பட்டு வில்லின் மணிகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்க, ஓரமாக நின்றிருந்த சாமியாடி திடீரென்று துள்ளினார். நெற்றியில் மஞ்சணை வழிந்தது. ஆச்சி என்னை இறக்கிவிட்டு எழுந்து கும்பிட்டாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

“தம்பிமாருதான் மக்கா. அநியாயமா வெட்டுப்பட்டவங்க. நம்ம ஊருல இடம் குடுத்தாச்சு, இனி விட்டுட்டுப் போவமாட்டாங்க.”

எங்கள் பக்கத்தில் இப்படிக் கொலைப்பட்டுத் தெய்வமானவர்களை வாதை என்போம். மந்திரவாதி பேயை ஆணி அடித்து மரத்தில் நிறுத்துவது ஒரு வகைக் கட்டு. இது அப்படியல்ல. வாதை கயிலாயம் போய்ச் சிவனிடம் வரம் வாங்கி வரும். ஊர் அதற்கு நிலையம் போடும். வருஷம் தவறாமல் கொடை நடத்துவோம் என்று வாக்குக் கொடுக்கும். அந்த வாக்குத்தான் கட்டு. இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கிறது.

போன வருஷம் மகளோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். தக்கலைக்குப் பக்கம்தான், ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் கால் வைத்ததும் கிணற்றுத் தண்ணீரில் வைத்தது போலக் குளிர்ந்தது. பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் குதிரை விளக்கு, தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூண், மூலிகை மரங்களால் ஆன கட்டில். எல்லாவற்றையும் வழிகாட்டி அழகாகச் சொன்னார். 1750-இல் மார்த்தாண்டவர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு ஒப்படைத்து, உடைவாளை அவர் படியில் வைத்து, அன்று முதல் பத்மநாபதாசனாக ஆண்டதையும் சொன்னார். கேட்கும்போது எனக்கு மெய் சிலிர்த்தது, உண்மைதான். அரசரும் ஒரு வாக்கில் தன்னைக் கட்டிக்கொண்டவர்.

ஆனால் தம்பிமார் பேச்சே வரவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. ஜெயித்தவர் கதையை அரண்மனையில் கேட்டால், தோற்றவர் கதையைக் கொடையில் கேட்க வேண்டும். பஸ்ஸில் திரும்பும்போது மகளுக்கு நானே முழுக்கச் சொன்னேன்.

•

இதே கதையின் மறுபக்கத்தை நான் கேரளத்து நெய்யாற்றின்கரையில் பார்த்தேன். கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்று ஒரு பழைய பலாமரம். பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது இளவரசராக இருந்த மார்த்தாண்டவர்மா அதன் பொந்தில்தான் ஒளிந்தாராம். இதில் ஒளிந்துகொள் என்று வழி காட்டிய சிறுவன் கிருஷ்ணனே என்று நம்பி, பிறகு அந்தக் கோயிலைக் கட்டினார் என்கிறார்கள். மரம் பட்டுப்போய்விட்டது, இருந்தும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பொந்து இருட்டைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். நாங்கள் சின்ன வயதில் வில்லுப்பாட்டு கேட்டு வெறுத்த ராஜா, உயிருக்குப் பயந்து மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த ஒரு பையனாக அன்றுதான் எனக்குத் தெரிந்தார். தம்பிமார்மேல் உள்ள பரிவு அதனால் குறையவில்லை.

•

என் அப்பா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். வீட்டுத் திண்ணையில் எந்தக் கதையையும் பாடிக் காட்டுவார். தம்பிமார் கதையில் மட்டும் கொலைக் கட்டத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். பாடினால் வருவாங்க, வந்தவங்களுக்கு ஏதாவது குடுக்கணும், சும்மா கூப்பிடக் கூடாது என்பார்.

கடைசிக் காலத்தில் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒருநாள் ராத்திரி அவர் வாயில் அந்த வரிகள் தானாக வந்தன. விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டன. அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் ஒரு சொம்புத் தண்ணீரும் வெற்றிலை பாக்கும் எடுத்து வாசல்படியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து படுத்தாள்.