'சஃபர்' என்னும் ஆங்கில வினை: 'ஃப்ரம்' எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் 'ஷி சஃபர்ஸ் ஃப்ரம் மைக்ரேன்' என்று ஓரிடத்திலும், 'ஹி சஃபர்ட் எ ஸ்ட்ரோக்' என்று வேறோரிடத்திலும் வருகிறது. இரண்டுமே நோயைப் பற்றியவையாக இருக்க, ஒன்றில் மட்டும் 'ஃப்ரம்' வருவது ஏன்? மேலும், 'ஷி டஸ் நாட் சஃபர் ஃபூல்ஸ் கிளாட்லி' என்னும் தொடரில் யார் துன்பப்படுகிறார் என்பதே விளங்கவில்லை.

மறுமொழி 1:
நீடித்திருக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோயைச் சொல்லும்போது 'ஃப்ரம்' வரும். ஒற்றைத் தலைவலி, ஆஸ்துமா, தூக்கமின்மை எல்லாம் அந்த வகை. ஒரு தருணத்தில் நேர்ந்துவிடும் பாதிப்பாக இருந்தால் அதுவே நேரடியாகச் செயப்படுபொருளாகும். பக்கவாதம், மாரடைப்பு, காயம் மட்டுமல்லாமல் தோல்வி, நஷ்டம், அவமானம் ஆகியவையும் இவ்வாறே வருவதால், 'தி டீம் சஃபர்ட் எ டிஃபீட்' என்பதில் 'ஃப்ரம்' சேர்த்தால் பிழையாகிவிடும். தமிழில் முதல் வகைக்கு 'அவதிப்படுகிறார்' பொருந்தும். இரண்டாவதற்கு 'தோல்வியுற்றது', 'காயமுற்றார்' என 'உறு' சேர்ந்த வினைகள் கச்சிதமாக அமையும்.

விடுப்புக் கடிதத்தில் நாம் மனப்பாடமாக எழுதிய 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' இலக்கணப்படி சரிதான் என்றாலும், பேச்சில் 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்பதே இயல்பு. அதோடு 'சின்ஸ் டூ டேஸ்' என்று சேர்ப்பதுதான் உண்மையான பிழை. 'ஐ ஹேவ் பீன் சஃபரிங்' என்று தொடங்கி 'ஃபார் டூ டேஸ்' என்று முடிக்க வேண்டும்.

மறுமொழி 2:
'ஃபூல்ஸ்' தொடருக்கு விடை அச்சொல்லின் பழைய பொருளில் இருக்கிறது. 'கீழிருந்து தாங்கு' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, துன்பத்தைத் தாங்குதல் என்பதோடு, ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுதல், அதற்கு மேலும் ஒரு படி போய் அனுமதித்தல் என்ற பொருள்களும் இருந்தன. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 'சஃபர் லிட்டில் சில்ட்ரன்' என்று வருவதைக் குழந்தைகளைத் துன்புறுத்தச் சொல்வதாக எண்ணித் திகைப்பவர்கள் உண்டு. தமிழ் விவிலியமோ 'சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்' என்று ஐயத்திற்கே இடமின்றிச் சொல்லிவிடுகிறது. நீங்கள் கேட்ட தொடரும் அதே ஆங்கில விவிலியத்தில் உள்ள ஒரு வரியின் வழியே புழக்கத்துக்கு வந்ததுதான். 'மூடர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது' என்று எழுதுங்கள். 'சகிக்க முடியாத' என்னும் பொருளில் வரும் 'இன்சஃபரபிள்' என்ற பெயரடையிலும் இந்தப் பழைய பொருளே நிற்கிறது.

ஒரு வேண்டுகோள்: மாற்றுத்திறனாளிகளைப் பற்றி எழுதுகையில் இந்த வினையைத் தவிர்ப்பதே நல்லது. அவர்கள் துன்பத்திலேயே வாழ்கிறார்கள் என்று நாமாக முடிவுசெய்வதாகிவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு வாக்கியம் எஞ்சியிருக்கிறது: 'ஹிஸ் வொர்க் சஃபர்ட்'. இதில் 'ஃப்ரம்' இல்லை, செயப்படுபொருளும் இல்லையே?

மறுமொழி 1:
உயிரில்லாத எழுவாயுடன் இப்படித் தனித்து வந்தால் தரம் குறைந்தது, பாதிப்படைந்தது என்று பொருள். 'அவருடைய வேலை கெட்டது' என்று எழுதிவிடலாம். 'வேலை துன்பப்பட்டது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.