பிக்சல் நடையை ஏஐயிடம் விடலாமா?

கடலூர்_கட்டம்:
முதுநகர் துறைமுகத்தை வைத்து ஒரு சின்ன கேம் செய்கிறேன். தலையில் மீன்கூடையோடு நடக்கும் அம்மா, 32×32 பிக்சல் ஸ்பிரைட் (கேமில் நகரும் சின்னப் படம்), எட்டு ஃப்ரேம் நடை. ஏஐயிடம் கேட்டேன், டீ ஆறுவதற்குள் கொடுத்துவிட்டது. எனக்குக் கோட் எழுத வரும், வரைய வராது. இனி ஓவியருக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

புதுவை_புள்ளி:
வந்தாச்சு. அந்த ஃப்ரேம்களை அசெப்ரைட்டில் (பிக்சல் படம் வரையும் மென்பொருள்) திறந்து நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏஐ தருவது பெரும்பாலும் பிக்சல் வேஷம் போட்ட படம்தான், ஒரு கட்டம் ஏழு புள்ளி அகலம், பக்கத்துக் கட்டம் எட்டு, ஓரமெல்லாம் மங்கல், பதினாறு நிறம் போதும் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கில் நிறம். அதையாவது நியரஸ்ட் நெய்பர் முறையில், அதாவது நிறங்களைக் கலக்காமல் சுருக்கி, ஒரு பேலட்டுக்குள் (குறித்த சில நிறங்களின் தொகுப்பு) அடக்கலாம். அசைவை என்ன செய்வீர்கள்? முதல் ஃப்ரேமில் இடது தோளில் கிடந்த முந்தானை மூன்றாவதில் வலது தோளுக்குப் போயிருக்கும். கூடை ஒரு பிக்சல் பெருத்திருக்கும், இந்த அளவில் ஒரு பிக்சல் தவறினாலே அம்மா நொண்டுவார்.

கடலூர்_கட்டம்:
முந்தானையா! வலப்பக்க நடையை வரைந்து கண்ணாடியில் தெரிவதுபோல் ஃப்ளிப் செய்துதானே எல்லோரும் இடப்பக்கம் ஆக்குகிறோம், அப்போது தோள் மாறுவது கண்ணில் படாதா?

புதுவை_புள்ளி:
அது ஆள் திரும்பும்போது மாறுகிறது. உங்களுக்கு நடுநடையில் மாறுகிறது. அப்புறம், ஃப்ளிப் என்பது மெமரி பத்தாத காலத்துச் சிக்கனம். நின்டெண்டோவின் பழைய கேம் கருவியான நெஸ்ஸில் ஒரு ஸ்பிரைட்டுக்கு மூன்று நிறம்தான், அவர்களின் கையடக்கக் கருவியான கேம் பாயில் மொத்தமே நாலு ஷேடு.

நெல்லிக்குப்பம்_லூவா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அசெப்ரைட் லூவா என்ற நிரல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை ஏற்கும். நான் படத்தை ஏஐயிடம் கேட்பதே இல்லை, ஸ்கிரிப்ட்தான் கேட்பேன்: பேலட்டுக்கு வெளியே உள்ள நிறத்தைக் காட்டு, பகல் நிறங்களை எல்லா ஃப்ரேமிலும் இரவு நிறமாக்கு. இதில் தப்பு நடந்தால் உடனே தெரியும், திருத்தவும் எளிது.

கடலூர்_கட்டம்:
நல்ல யோசனைதான் அண்ணே. ஆனால் வரையத் தெரியாதவனுக்கு முதலில் படம் வேண்டுமே?

புதுவை_புள்ளி:
தலை, கூடை, உடம்பு எல்லாம் ஒரே லேயர், அதை ஒரு பிக்சல் ஏற்றி இறக்கினால் போதும். வரைய வேண்டியது கால்களும் சேலைக் கரையும் மட்டும்தான். அதற்குக்கூடச் சோம்பல் என்றால், கேம் விற்கும் தளமான ஸ்டீமில் போடும்போது ஏஐ படம் இருப்பதைச் சொல்லியாக வேண்டும், 2024 ஜனவரியிலிருந்து அதுதான் விதி.

கடலூர்_கட்டம்:
சொல்லிவிட்டுப் போகிறேன், அதில் என்ன வெட்கம்? டெமோவுக்கு ஏஐ நடைதான்.

புதுவை_புள்ளி:
டெமோவைப் பார்த்துத்தான் ஆட்கள் விஷ்லிஸ்டில் போடுவார்கள்.