கையெழுத்துப் பிரதி வழியாக ஒரு நாவலாசிரியரை அறிந்தேன்

எழுத்தாளரைச் சந்தித்த அனுபவம் என்றால் பலருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்த ஏதாவது ஒரு வெளியீட்டு விழா நினைவுக்கு வரும். எனக்கு வாய்த்தது வேறு மாதிரி. வெள்ளவத்தையில் அச்சுவேலை எடுத்துச் செய்யும் ஒரு சிறிய கடையில் நான் பக்கம் அமைக்கிற வேலை பார்த்தேன். மலையகத்தில் ஊவாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்பிலேயே நிலைத்துவிட்ட ஒரு நாவலாசிரியரின் பிரதி முழுவதையும் அங்கே நான்தான் கணினியில் பாமினி எழுத்துருவில் அடித்தேன். பெயர் வேண்டாம், அவர் அதை விரும்பமாட்டார்.

அவர் எழுதுவது சீ.ஆர். கொப்பியில், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கோட்டுக் கொப்பியில். வலப்பக்கத்தில் மட்டும் எழுதுவார், எதிர்ப்பக்கம் திருத்தத்துக்கென்று வெறுமையாகக் கிடக்கும், பிறகு அதில் வேறு வேறு மைகளில் வரிகள் ஏறும், சில இடங்களில் திருத்தம் மூலத்தைவிட நீளமாகி ஓரம்வரை போயிருக்கும். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிய காலத்துப் பழக்கம் இது. விடிய நாலரைக்கு எழும்பி ஒரு பிளேன்டீயோடு உட்காருவார், வேலைக்குப் புறப்படும்வரை எழுதுவார், பின்னேரம் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் கரையோர ரெயிலில் இடம் கிடைத்தால் காலையில் எழுதியதைத் திருத்துவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்தை அவர் மாற்றவில்லை. நேரம் கிடைத்தால் எழுதுவேன் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் இந்தக் கொப்பிகளைக் காட்ட ஆசைப்பட்டிருக்கிறேன்.

2022 இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் நிலைமை எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகூடத் தள்ளிப்போனது. கரண்ட் வரும் நேரம் பார்த்து நான் அடிப்பேன், இரவு இரண்டு மணிக்கும் அடித்திருக்கிறேன். அவருக்கு அதெல்லாம் ஒரு தடையாகவே இருக்கவில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் அடுத்த கொப்பியைத் தொடங்கிவிட்டார்.

நாவல் 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றியது. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தோட்டச் சனத்தில் 525,000 பேரை இந்தியா எடுப்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று இரண்டு அரசாங்கங்களும் எழுதி முடித்தன. 1974 இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கச்சி ஒரு நாட்டுக்கும் ஆன கதைதான் நாவல். அந்தக் காலத்துப் பேப்பர்களைப் பார்க்க அவர் தேசிய சுவடிக்கூடத்துக்கு எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறார். அரிசி விலை, மழை, தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்குச் சனம் காத்துக்கிடந்தது எல்லாம் தனிக் கொப்பியில் இருந்தன.

யாரைப் படித்து எழுத வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, மொஸ்கோவில் அச்சான தமிழ் மொழிபெயர்ப்புகளை மலிவாக அங்கேதான் வாங்கினாராம். ஊவாவில் வளர்ந்ததால் சிங்களமும் நன்றாக வாசிப்பார், மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலியவை மூலத்திலேயே படித்தவர். ஆனால் அவர் முதலில் சொன்னது புத்தகத்தை இல்லை, காமன் கூத்தை.

"மகள், மன்மதன் எரிஞ்சு போவான்னு தோட்டத்துல பச்சப் புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சும் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பாக்கும். ஏன்னு யோசிச்சுப் பாருங்க."

நான் அப்போது பதில் சொல்லவில்லை. மாசியில் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிப் போய், கடைசியில் சிவன் கண் திறந்து மதன் எரிகிற அந்தக் கூத்தை நான் பார்த்ததும் இல்லை. ஆனால் முதல் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. தங்கச்சி கப்பல் ஏறப்போகிறாள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், அப்புறம் முந்நூறு பக்கம் நாம் அவள் போகக்கூடாது என்று இருந்துகொண்டே வாசிக்கிறோம். முடிவை ஒளித்து வைத்து வாசகரைப் பிடித்திழுக்கிற நாவல்களைவிட இது எனக்குப் பெரிய வித்தையாகப் படுகிறது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். புரூஃப் எடுத்துக்கொடுத்த பிறகு, தலைமன்னார் இறங்குதுறை பற்றிய அத்தியாயம் முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டு வந்தார். சுவடிக்கூடத்தில் தேடியதெல்லாம் அதற்குள்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, "ஐயா, இதுதானே இந்தப் புத்தகத்திலேயே நல்ல இடம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்த இடத்தில் தங்கச்சியைக் காணவில்லை, தான் தேடிச் சேர்த்த விஷயங்கள்தான் முன்னால் நிற்கின்றன என்றார். இறங்குதுறையில் அவளுடைய தகரப்பெட்டியின் பூட்டு திறபடாமல் போகிற ஒரு பந்தியை மட்டும் எடுத்து முந்திய அத்தியாயத்தின் கடைசியில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டு வாசித்தேன், அந்தப் பந்தி முன்பைவிடக் கனமாகத்தான் இருந்தது.

இருந்தாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. அந்தச் சனம் எப்படிக் காத்திருந்தது, என்ன சாப்பிட்டது என்று இவ்வளவு விபரமாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. நீக்கிய அத்தியாயத்தின் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாம் பதிப்புக்குப் பேச்சு நடக்கிறது, பின்னிணைப்பாகவாவது போடச் சொல்லி அவரிடம் கேட்கத்தான் போகிறேன்.