எல்.டி.எல். குறைந்த பிறகும் சி.ஆர்.பி. உயர்ந்திருப்பது ஏன்?

கேள்வி:
அறுபத்தொரு வயதான என் தந்தைக்குச் சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தினார்கள். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டேட்டினைத் தவறாமல் எடுத்துக்கொள்வதால் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 58-க்கு இறங்கிவிட்டது. ஆனால் அண்மைப் பரிசோதனையில் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. (அழற்சியின்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை நுட்பமாக அளக்கும் பரிசோதனை) லிட்டருக்கு 4.6 மி.கி. என்று வந்துள்ளது. இந்தப் புரதமே தமனியைக் கெடுக்கிறதா, அல்லது வேறொன்றைக் காட்டும் அடையாளம் மட்டும்தானா? இதைக் குறைக்கத் தனியாக மருந்து தேவைப்படுமா?

மறுமொழி 1:
ஓர் அளவீட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 3-க்கு மேல் போனால் அதிகம் என்பது பொதுவான வரையறை. எனினும் சளி, காய்ச்சல், ஈறு நோய், மூட்டுவாதம், உடற்பருமன், புகைப்பழக்கம் ஆகிய எவையும் இதை உயர்த்தக்கூடும். உடல் நலமாக இருக்கும்போது இரண்டு வார இடைவெளியில் மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டினால் முதலில் தொற்று உள்ளதா என்றுதான் தேட வேண்டும்.

தமனிச் சுவருக்குள் புகுந்த எல்.டி.எல். துகள்களை மேக்ரோபேஜ் என்னும் நோய் எதிர்ப்பு அணுக்கள் விழுங்குகின்றன. அவற்றினுள் கொலஸ்ட்ரால் படிகமாக உறையும்போது என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதத் தொகுதி தூண்டப்பட்டு அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதமான இன்டர்லியூக்கின்-1 பீட்டா வெளியாகிறது. அது அதே வகையைச் சேர்ந்த இன்டர்லியூக்கின்-6-ஐப் பெருக்க, அந்த இன்டர்லியூக்கின்-6 கல்லீரலை எட்டிச் சி.ஆர்.பி.யைச் சுரக்க வைக்கிறது. ஆக, சி.ஆர்.பி. இந்தத் தொடரின் கடைசியில்தான் வருகிறது. பிறவியிலேயே சி.ஆர்.பி.யைச் சற்று உயர்த்தும் மரபணு வேறுபாடு உடையவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வருவதில்லை. இன்டர்லியூக்கின்-6-இன் செய்தியை வாங்கும் ஏற்பியை மந்தப்படுத்தும் வேறுபாடு உடையவர்களுக்கோ அது குறைவாகவே வருகிறது. நோயை வளர்ப்பது இத்தொடரின் மேற்பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

மறுமொழி 2:
மேலே சொன்னதை மருந்துச் சோதனையும் உறுதிப்படுத்தியது. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேர் பங்கேற்றார்கள். இன்டர்லியூக்கின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசி, 150 மி.கி. அளவில், கொழுப்பைத் தொடாமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. மொத்த மரணங்கள் குறையவில்லை. எதிர்ப்பு மண்டலத்தை அடக்குவதற்கு நாம் தரும் விலை இதுவே என்பதை மறக்கக் கூடாது. மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் சோதித்த சர்ட் ஆய்விலோ அந்த மருந்து இந்த இன்டர்லியூக்கின்களையும் குறைக்கவில்லை, மாரடைப்பையும் தடுக்கவில்லை. அழற்சியைக் குறைக்கும் மருந்து எதுவானாலும் போதும் என்று எண்ணுவது தவறு.

கேட்டவர்:
மிக்க நன்றி. கௌட் என்னும் மூட்டு நோய்க்குத் தரும் கோல்ச்சிசின் இதயத்துக்கும் நல்லது என்று ஒரு நண்பர் கூறினார். அதைக் கேட்டுப் பார்க்கலாமா?

மறுமொழி 3:
கேட்கலாம்; ஆனால் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இதய நோய் இருந்தும் நிலை சீராக உள்ள 5,522 பேரைக் கொண்ட லோடோகோ2 ஆய்வில் நாளுக்கு 0.5 மி.கி. கோல்ச்சிசின் இதயப் பாதிப்புகளை 31 சதவீதம் குறைத்தது. 2023-இல் அமெரிக்காவும் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் மாரடைப்பு வந்த உடனே தொடங்கிய கிளியர் ஆய்வில், சி.ஆர்.பி. இறங்கியும் பலன் கிட்டவில்லை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த மருந்து நஞ்சாகலாம். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே தந்தையின் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவையும், அவர் எடுக்கும் மாத்திரைகள் அனைத்தின் பட்டியலையும் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பல் மருத்துவரிடம் ஈறுகளையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். பலரும் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.