நைட்ரஜனில் வெட்டியும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஓரம் மஞ்சளடிக்கிறது, கேஸ் கலப்படமா?

தகடுவெட்டி:
கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட். 3 கிலோவாட் ஃபைபர் லேசர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 304 ரக எஸ்எஸ் ஷீட், 3 மி.மீ., நைட்ரஜன் அழுத்தம் 14 பார், கேஸ் வெளிவரும் நாசில் வாய் 2 மி.மீ. முதல் ஏழெட்டு பீஸ் பளிச்சென்று வருகிறது. அப்புறம் ஓரம் மஞ்சளாகி, போகப்போகப் பழுப்பு. அடியில் பர் (உருகி ஒட்டிய பிசிறு) வேறு. புது சிலிண்டர் மாட்டினால் கொஞ்ச நேரம் சரி, மறுபடி அதே கதை. கேஸ்காரர் 99.99 சதவீதம் சுத்தம் என்று சர்டிஃபிகேட்டை நீட்டுகிறார். வெட் கிரைண்டர் பார்ட்டியோ பீஸைத் திருப்பி அனுப்பி, "மஞ்சள் அரைத்த கிரைண்டரா இது?" என்கிறார்.

ஷீட்மெட்டல் தம்பி:
கலப்படமேதான். சப்ளையரை மாற்றுங்கள் அண்ணா.

பழைய வெல்டர்:
கேஸ்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கேஸ் தரமில்லை என்றால் முதல் பீஸிலேயே மஞ்சள் வந்திருக்கும். மெஷின் சும்மா நிற்கும்போது பிரஷர் கேஜ் 14 காட்டும், அதை நம்பாதீர்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது போய்ப் பாருங்கள்.

2 மி.மீ. நாசிலில் 14 பார் விட்டால் மணிக்குச் சுமார் 28 கன மீட்டர் போகும். ஒரு சிலிண்டரில் இருப்பதே ஏழு. கால் மணி நேரம்கூட வராது. ஒற்றை சிலிண்டரும் சின்ன ரெகுலேட்டரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ரெகுலேட்டர் மேல் பனி படிந்திருக்குமே, பார்த்தீர்களா? பிரஷர் இறங்கினால் உருகியது கீழே தள்ளப்படாமல் பர் ஆகிறது. சூடான ஓரத்தில் காற்று பட்டு மஞ்சள். நாலைந்து சிலிண்டரை மேனிஃபோல்டில் (பல சிலிண்டரை ஒரே லைனில் இணைக்கும் குழாய்) சேருங்கள். வேலை கூடினால் திரவ நைட்ரஜன் வரும் லிக்விட் கன்டெய்னர். ஆனால் திரவத்தைக் கேஸாக்கும் வேப்பரைசர் இல்லாமல் வாங்கினால் அதுவும் இதே பாடுதான் படுத்தும்.

தகடுவெட்டி:
ஐயா, பார்த்தேன். வெட்டும்போது 8-க்கு இறங்குகிறது! பக்கத்து யூனிட்டில் மேனிஃபோல்ட் கடன் வாங்கி நாலு சிலிண்டர் சேர்த்தேன், ரெகுலேட்டரும் பெரிதாகப் போட்டேன். பர் போய்விட்டது. மூன்று பக்கம் வெள்ளி மாதிரி இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் லேசாக மஞ்சள்.

பழைய வெல்டர்:
ஒரு பக்கம் மட்டும் என்றால் நாசில் சென்டர் விலகியிருக்கும். நாசில் வாயில் செல்லோடேப் ஒட்டி ஒரே ஒரு லேசர் ஷாட் அடித்து, ஓட்டை நடுவில் விழுகிறதா பாருங்கள். நாசில் வாய் நசுங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, மழைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வெட்டாதீர்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. ஆக்சிஜன் குறைவது தெரியாமலே ஆள் சாய்ந்துவிடும்.

தகடுவெட்டி:
ஓட்டை ஓரத்தில் விழுந்தது ஐயா. போன வாரம் ஷீட் துள்ளி நாசிலில் இடித்ததைப் பையன் சொல்லவே இல்லை. புது நாசில் மாட்டிவிட்டேன். மேனிஃபோல்டைத்தான் இன்னும் திருப்பித் தரவில்லை.